100.4 டிகிரியும் 18 மாதமும்: குழந்தை பற்றிய கவலைகளில் எது எப்போது நியாயம்?

பிள்ளை பிறந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் பெற்றோர் கேட்கும் கேள்விகளை எல்லாம் பிழிந்து பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: "இது நார்மலா?" காய்ச்சல் 102 காட்டுகிறது, நார்மலா? ஒரு வயது முடிந்தும் நடக்கவில்லை, நார்மலா? போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எடையே கூடவில்லை, நார்மலா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஓர் எண் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பது ஒன்று. அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, குழந்தை மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. வீட்டில் நாம் முதலாவதைப் பார்த்துப் பதறுகிறோம். குழந்தை மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்கிறார்கள். "விளையாடுகிறானா, பால் குடிக்கிறானா, சிறுநீர் போகிறதா?" என்று அவர்கள் கேட்கும்போது, தெர்மாமீட்டரைப் பற்றிக் கேட்கவே மாட்டேன் என்கிறாரே என்று நமக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஆனால் சில இடங்களில் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே குழந்தை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அந்த ஓர் எண்ணே போதும், உடனே கிளம்ப வேண்டியதுதான்.

காய்ச்சலில் தொடங்குவோம். அதிகப் பயமும் அதிகக் குழப்பமும் அங்கேதான். உடலின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்வது மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி. கிருமி உள்ளே வந்ததும் எதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. உடனே ஹைப்போதலாமஸ் தன் இலக்கை 37 டிகிரி செல்சியஸிலிருந்து, உதாரணமாக, 39-க்கு ஏற்றி வைக்கிறது. அந்த இலக்கைத் தொடும்வரை உடலுக்குக் குளிர்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, தசைகள் நடுங்குகின்றன. நெற்றி கொதிக்கும்போது உள்ளங்கால் சில்லென்று இருப்பதன் காரணம் இதுவே, பயப்பட ஏதுமில்லை.

இதைப் புரிந்துகொண்டால் பல கேள்விகளுக்குத் தானாகப் பதில் கிடைத்துவிடும். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து இலக்கையே கீழே இறக்குகிறது. ஐஸ் தண்ணீர் ஒத்தடம் இலக்கைத் தொடுவதில்லை. தோலை மட்டும் குளிர வைக்கிறது. உடல் இன்னும் அதிகமாக நடுங்கிச் சூட்டை உண்டாக்குகிறது, குழந்தை அழுகிறது, அவ்வளவுதான் பலன். கம்பளியில் இறுக்கிச் சுற்றி வைப்பதும் தவறு. லேசான உடை போதும். காய்ச்சல் ஏறி மூளையைப் பாதித்துவிடுமோ என்ற பயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நோய்த்தொற்றுக் காய்ச்சலில் உச்ச வரம்பை வைத்திருப்பதே மூளைதான். அதனால் அது 41 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அபூர்வம். வெயிலில் பூட்டிய காருக்குள் சிக்கிய குழந்தையின் உடல் சூடாவது இதிலிருந்து முற்றிலும் வேறு. அங்கே மூளையின் கட்டுப்பாடே உடைந்துபோகிறது. அதுதான் உயிருக்கு ஆபத்து.

ஆகவே 39.5-ல் பொம்மையை இழுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றும் இரண்டு வயதுக் குழந்தையைவிட, 38.3-ல் துவண்டு கிடந்து, எழுப்பினாலும் கண் திறக்க மறுக்கும் குழந்தைதான் அவசரம். மருந்து கொடுப்பது எண்ணை இறக்குவதற்காக அல்ல, குழந்தையின் அசௌகரியத்தைக் குறைப்பதற்காக. நன்றாகத் தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து கொடுக்கத் தேவையில்லை. அளவு மட்டும் கவனம். பாராசிட்டமால் குழந்தையின் எடைக்குத்தான், வயதுக்கு அல்ல: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது 4 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். டிராப்ஸில் ஒரு மில்லியில் இருக்கும் மருந்து சிரப்பில் இருப்பதைவிடச் சில மடங்கு அதிகமாக இருக்கலாம். சிரப்பின் அளவை டிராப்ஸுக்கும் வைத்து ஊற்றுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய ஆபத்து. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்தே அல்ல. 1963-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரை விவரித்த, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு பின்னால் தெரியவந்து, பல நாடுகள் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தின.

சரி, எண்ணே முடிவு செய்யும் இடம் எது? மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். இதில் பேரமே கிடையாது. அந்த வயதில் ரத்தத்திலோ சிறுநீரிலோ மூளை உறையிலோ பாக்டீரியா புகுந்திருந்தாலும் வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சலாக இருக்கக்கூடும். சிரிக்கிறதே, பால் குடிக்கிறதே என்று வீட்டில் மருந்து கொடுத்துக் காலைவரை காத்திருக்கக் கூடாது. பச்சிளம் குழந்தையின் உடல் வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டுப்போவதும் இதே அளவு அவசரம்தான். மற்ற வயதுகளில் கழுத்து விறைப்பு, மூச்சுத் திணறல், கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், எதுவுமே குடிக்க மறுப்பது, 5 நாள் தாண்டியும் விடாத காய்ச்சல் ஆகியவை எந்த டிகிரியில் வந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டியவை. இவற்றில் முதல் மூன்றும் உடனே போக வேண்டியவை.

பெற்றோரை நிலைகுலைய வைப்பது காய்ச்சலோடு வரும் வலிப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு ஒருமுறையாவது வருகிறது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, குழந்தை நினைவிழக்கும். பார்ப்பவர்களுக்குப் பிள்ளை செத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே நின்றுவிடும். இந்தச் சாதாரண வகை வலிப்பு அறிவுத்திறனைப் பாதிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் திரும்பவும் வரலாம், ஐந்து ஆறு வயதில் பெரும்பாலும் நின்றுபோகும். செய்ய வேண்டியது கொஞ்சமே: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியிருக்கும் கடினமான பொருள்களை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். முதல் முறை வந்தால், அது நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். காய்ச்சல் மருந்தை முந்திக்கொண்டு கொடுத்தால் வலிப்பு வராது என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலான ஆய்வுகளில் அப்படிப் பலன் எதுவும் தெரியவில்லை.

சளிக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது வழக்கம். பள்ளியோ காப்பகமோ போகத் தொடங்கிய வருடத்தில் இன்னும் கூடுதலாக வரும். ஒவ்வொன்றும் பத்து நாள், இருமல் மூன்று வாரம் வரை என்று வைத்தால் வருடத்தில் ஏறத்தாழ பாதி நாள் மூக்கொழுகலோ இருமலோ இருந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கேட்பதும் வீண். வைரஸ் சளியிலும் நிறம் மாறும். இருமல் சிரப்புகளால் சிறு குழந்தைகளுக்குப் பலனைவிடத் தொல்லையே அதிகம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம்.

ஆனால் இங்கேயும் ஓர் எண் உண்டு, அது வீட்டிலேயே எண்ணக்கூடியது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதத்துக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவையோ இதற்கு மேலோ தொட்டால் உலக சுகாதார நிறுவனம் அதை 'வேகமான மூச்சு' என்கிறது. நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டிய இடம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள்.

வயிற்றுப்போக்கில் எண்ணிக்கையைவிட உடலில் மிச்சம் இருக்கும் நீர்தான் விஷயம். எட்டு முறை போனது என்பதைக் காட்டிலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருக்கிறது என்பவைதான் மருத்துவருக்குத் தேவையான தகவல். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் உப்பு கூடி ஆபத்து, கூட்டினால் பலன் குறையும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

இனி எடைக்கு வருவோம். சொல்லப்போனால் ஓர் எண்ணை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ளவே முடியாத விஷயம் என்றால் அது இதுதான். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தை எடை குறையும். 7 சதவீதம் வரை சாதாரணம், 10-ஐ நெருங்கினால் பால் குடிப்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ஐந்து மாத வாக்கில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்று பயன்படுத்தும் வளர்ச்சி வரைபடங்கள் 2006-ல் வெளியானவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். தாய்ப்பால் குடித்து, புகைபிடிக்காத தாய்மாரிடம், நல்ல பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகள். இப்படி வளர வாய்ப்புக் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் தொடக்க வருடங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்கிறது என்று அந்த ஆய்வில் தெரிந்தது.

வரைபடத்தில் 15-வது பெர்சன்டைல் என்றால் நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அப்படியில்லை. ஆரோக்கியமான நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பதினைந்தாவது இடம், அவ்வளவே. யாராவது அந்த இடத்தில் நிற்கத்தானே வேண்டும்? தொடர்ந்து 10-வது கோட்டை ஒட்டியே வளர்ந்துவரும் குழந்தை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். 75-ல் இருந்து சில மாதங்களில் 25-க்கு இறங்கிய குழந்தையைத்தான் மருத்துவர் உட்கார்த்திவைத்துப் பரிசோதிப்பார், அதன் எடை முதல் குழந்தையைவிட அதிகமாக இருந்தாலும்கூட. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் இரண்டு வருடங்களில் பல குழந்தைகள் கருப்பைச் சூழல் தந்த இடத்திலிருந்து பெற்றோரின் உடல்வாகு காட்டும் இடத்துக்கு மெல்ல நகர்வார்கள். உயரம், எடை, தலைச்சுற்றளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது இயல்பான நகர்வா, சரிவா என்று சொல்ல முடியும். ஒற்றை நாள் எடையைக் காட்டி டானிக் கேட்பதில் அர்த்தமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒரு வயதுக்கு மேல் 'சாப்பிடவே மாட்டேன் என்கிறான்' என்ற புலம்பலுக்கும் இந்த வரைபடத்திலேயே பதில் இருக்கிறது. முதல் வருடத்தில் ஆறு ஏழு கிலோ கூடிய குழந்தை இரண்டாம் வருடத்தில் இரண்டரை கிலோ வாக்கில்தான் கூடும். வளர்ச்சி வேகம் குறைந்தால் பசியும் குறையும். துரத்தித் துரத்தி ஊட்டுவதால் எடை கூடுவதில்லை, சாப்பாட்டு நேரம்தான் சண்டையாகிறது. என்ன, எப்போது என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம். ஒரு விஷயத்தை மட்டும் சோதித்துப் பாருங்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்குப் பசியும் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

அடுத்தது, எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்கள். உட்காருவதும் நடப்பதும் எப்போது என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடந்தது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். ஒன்பதில் நடந்ததும் பதினேழில் நடந்ததும் ஒரே ஆய்வில் இருந்த ஆரோக்கியமான குழந்தைகளே. முழங்கால் போட்டுத் தவழாமலேயே நடைக்குத் தாவியவர்கள் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம். எனவே தவழவில்லை என்பது தனியாக ஒரு குறையல்ல. ஆனால் 18 மாதம் முடிந்தும் நடக்காத குழந்தையைத் 'தானா நடப்பான்' என்று விட்டுவிடக் கூடாது என்பதும் அதே எண்களிலிருந்துதான் வருகிறது. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தை பன்னிரண்டு மாதத்தில் பத்து மாதக் குழந்தைக்குச் சமம்.

பட்டியல்களில் இன்னொரு சிக்கல், அவை எதைச் சொல்கின்றன என்பதே. ஒரு மாதத்துக்கு நேரே எழுதியிருப்பது பாதிக் குழந்தைகள் செய்வதா, முக்கால்வாசிப் பேர் செய்வதா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் பட்டியலைத் திருத்தியபோது, 75 சதவீதக் குழந்தைகளாவது செய்யக்கூடியதையே ஒவ்வொரு வயதுக்கும் வைத்தது. பாதிப் பேர் செய்வதை எழுதினால் மீதிப் பாதிப் பேரின் பெற்றோர் கவலைப்படுவார்கள், மருத்துவரும் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்பார், அந்தப் பொறுமையில் உண்மையாகவே உதவி தேவைப்படும் குழந்தையும் காணாமல்போகும் என்பதுதான் காரணம்.

அந்தப் 'பொறுத்துப் பார்ப்போம்' அதிகமாக நடப்பது பேச்சில். "இவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. இரண்டு வயதில் குறைவாகப் பேசும் குழந்தைகளில் பெரும்பகுதியினர் பின்னால் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். யார் எட்டிப்பிடிப்பார், யார் பின்தங்குவார் என்று அந்த வயதில் உறுதியாகப் பிரிக்க முடியாது என்பதுதான் சிக்கல். அதனால் வாயிலிருந்து வரும் சொற்களை மட்டும் எண்ணாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? சொன்னது புரிகிறதா? வானத்தில் போகும் விமானத்தைக் கைகாட்டி, 'நீயும் பார்' என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? வேண்டியதை வாங்கக் கைகாட்டுவது ஒன்று. பார்த்து ரசித்ததைப் பகிரக் கைகாட்டுவது வேறு. இரண்டாவதுதான் பேச்சுக்கு முந்தைய பேச்சு. இதெல்லாம் செழிப்பாக இருக்கும் குழந்தைக்குச் சொல் தாமதமாவதும், இவை எதுவும் இல்லாத குழந்தைக்குச் சொல் தாமதமாவதும் ஒன்றல்ல.

பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ கைகாட்டுதலோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் மருத்துவரிடம் வளர்ச்சி மதிப்பீடு கேட்கலாம். கேட்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் பரிசோதனை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் நிரந்தரச் செவித்திறன் குறையோடு பிறக்கிறார்கள். பிறந்தபோது சோதனையில் தேறியிருந்தாலும் பின்னால் குறை வரலாம். நடுக்காதில் நீர் கோத்தும் கேட்பது மங்கலாம். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதால் காது முழுதாகக் கேட்கிறது என்று முடிவுசெய்ய முடியாது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தள்ளிப்போகும் என்பதும் சரியல்ல. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு சரியாக வரும். திரையைப் பொறுத்தவரை, ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் வருட வழிகாட்டுதல். பேச்சுக்குப் பதில் பேச்சு கிடைத்துத்தான் குழந்தை மொழியைக் கற்கிறது, திரை பதில் பேசுவதில்லை.

பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலையான ஆட்டிசம் பற்றிப் பேசினால், தடுப்பூசியால்தான் அது வருகிறதோ என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது. 1998-ல் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பரவிய பயம் இது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில் தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. ஆட்டிசத்தின் அடையாளங்கள் கண்ணில் படத் தொடங்கும் வயதும் அந்த ஊசி போடும் வயதும் அடுத்தடுத்து வருவதால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்ததாகத் தோன்றுகிறது.

வளர்ச்சியில் எல்லைக் கணக்கே பொருந்தாத ஒரு நிலையும் இருக்கிறது. சொல்லிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை சொல்லாமல் போவது, கைகாட்டியதை நிறுத்துவது, நடந்த குழந்தை தடுமாறத் தொடங்குவது. வந்த திறமை திரும்பிப் போனால் எந்த வயதிலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்திக்கொண்டு மறுகையை மடக்கியே வைத்திருப்பதையும் 'இடதுகைப் பழக்கம்' என்று சிரித்து விடக் கூடாது. அந்த வயதில் கைப் பழக்கம் நிலைப்பதில்லை. மறுகையில் பலம் குறைவாக இருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது குழந்தை புது இடத்தில் வாயைத் திறக்காது, வீட்டில் செய்வதையும் செய்யாது. பதினைந்து நிமிடத்தில் அவர் எதைப் பார்ப்பார்? வீட்டில் விளையாடுவதையும், கூப்பிட்டால் திரும்புவதையும் திரும்பாததையும், விசித்திரமாகத் தோன்றிய அசைவுகளையும் போனில் எடுத்துக் கொண்டுபோங்கள். வளர்ச்சி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சொல் எந்த மாதத்தில் வந்தது என்று குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்கத் தாமதமானால் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை: காது பரிசோதனையை முடித்துவிடலாம், பேச்சுப் பயிற்சியையும் தொடங்கிவிடலாம். அதற்கு நோயின் பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.